ஊர் வானொலியும் ஊதியமில்லா நிர்வாகிகளும்

பெரம்பலூர்ப் பக்கத்துச் சங்கம் ஒன்றில் இருப்புப் பதிவேட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தோம். மேசை 2, இரும்புப் பெட்டி 1, தராசு 1 என்று வந்த இனங்களுக்கு நடுவே, "வானொலிப் பெட்டி 1, பழுது" என்றொரு பதிவு இருந்தது. பெட்டி எங்கே என வினவினோம். தாம் பணியில் சேர்வதற்கு முன்பே அது மறைந்துவிட்டது என்றும், சென்ற ஆண்டுப் பதிவேட்டைப் பார்த்து இவ்வாண்டுப் பதிவேட்டை எழுதுவது வழக்கமாதலால் பதிவு மட்டும் அழியாமல் வருகிறது என்றும் செயலாளர் சிரித்தவாறே கூறினார். அதனை நீக்குவதற்குரிய தீர்மானத்தை நாம் விளக்கிக்கொண்டிருக்கையில், உரத்துக்காகக் காத்திருந்த முதிய அங்கத்தினர் ஒருவர் குறுக்கிட்டார். "பெட்டியை எழுதித் தள்ளுங்கள் ஐயா. இப்போது ஊருக்கு ஊர் நிலையமே வைத்துக்கொள்ளலாமாமே! வைத்தால் அதை யார் ஆள்வது?" என்று கேட்டார்.

என்ன செலவாகும் என்று அவர் கேட்கவில்லை. யார் ஆள்வது என்றே கேட்டார். நெடுங்காலம் ஒரு சங்கத்தில் பங்கு வைத்திருப்பவருக்கு இக்கேள்விதான் முதலில் தோன்றும். அன்று நாம் அளித்த விடை நமக்கே நிறைவளிக்கவில்லை. ஆதலின், அப்பொருளைப் பற்றிப் படித்தும் கேட்டும் அறிந்தவற்றை இங்கே எழுதுகின்றோம்.

சட்டம் தந்த இடம்

நம் வட்டாரத்தார் வானொலிக்குப் புதியவர் அல்லர். திருச்சிராப்பள்ளி நிலையம் 1939-ஆம் ஆண்டு மே மாதம் தொடங்கிற்று. பெரம்பலூரும் அரியலூரும் அக்காலத்தில் திருச்சி மாவட்டத்தின் பகுதிகளே. 1995-இல் பெரம்பலூரும், பின்னர் 2007-இல் நிலையாக அரியலூரும் தனி மாவட்டங்கள் ஆயின. வேளாண்மை நிகழ்ச்சிகளால் அந்நிலையம் செய்த நன்மை சிறிதன்று. ஆடுதுறை 27 என்னும் நெல், 1960-களின் பிற்பகுதியில் காவிரிப் பாசனப் பகுதியில் பரவியபோது, வானொலி வாயிலாக அதனை அறிந்த உழவர்கள் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் சூட்டினர். ஒரு பயிருக்கு ஒலிபரப்பின் பெயர் வாய்த்தது அரிய செய்தியன்றோ!

எனினும் அந்நிலையத்தை ஆண்டவர் அரசினர். கேட்பதே நமது பங்கு. காற்றலைகள் பொதுச் சொத்து என்றும், அவற்றை அரசோ தனியாரோ ஏகபோகமாகக் கொள்ளலாகாது என்றும் உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரியில் தீர்ப்பளித்த பின்னரே நிலை மாறத் தொடங்கியது. 2002-இல் கல்வி நிலையங்களுக்கு இசைவு கிடைத்தது. அதன்படி சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் 2004 பிப்ரவரியில் நாட்டின் முதல் வளாக நிலையம் ஒலித்தது. 2006-ஆம் ஆண்டின் இறுதியில் வெளியான கொள்கை, தொண்டு நிறுவனங்களுக்கும் வேளாண் அறிவியல் நிலையங்களுக்கும் வாயிலைத் திறந்துவிட்டது.

அக்கொள்கையின் விதிகளில் நம் பொருளுக்கு வேண்டியவை சில. நிலையம் தெளிவாக வரையறுத்த ஒரு சமுதாயத்துக்குப் பணியாற்ற வேண்டும். அதன் உடைமையும் நிர்வாகமும் அச்சமுதாயத்தையே பிரதிபலிக்க வேண்டும். நிகழ்ச்சிகளில் குறைந்தது பாதி, அவ்வூர் மக்களின் பங்கேற்புடன் உருவாதல் வேண்டும். அரசியல் கட்சிகளும் அவற்றின் துணை அமைப்புகளும், இலாப நோக்குள்ள நிறுவனங்களும், தனி மனிதரும் உரிமம் பெற இயலாது. 2024-இல் வெளியான திருத்திய நெறிமுறை, நிலையத்துக்குரிய ஆலோசனை மற்றும் நிகழ்ச்சிக் குழுவில் சரிபாதியினர் பெண்களாக இருத்தல் வேண்டும் என விதித்துள்ளது.

'நிர்வாகம் சமுதாயத்தைப் பிரதிபலிக்க வேண்டும்' என்ற தொடரைப் படிக்கையில் நமக்குச் சற்றே நகைப்பும் வந்தது. நமது சங்கங்களின் துணைவிதிகளிலும் இத்தகைய தொடர்கள் நிரம்ப உண்டு. அவை எழுதப்பட்டிருப்பதற்கும் நடப்பதற்கும் உள்ள தூரத்தை அளப்பதே நமது உத்தியோகம்.

கம்பம் நிற்கும் இடம்

ஊர்க் குழு எடுக்கவேண்டிய முதல் முடிவு, ஒலிபரப்புக் கம்பத்தை எங்கே நடுவது என்பது. பொறியாளர் முடிவு செய்யும் காரியம் இது என்று பலர் எண்ணக்கூடும். அவ்வாறன்று.

இத்தகைய நிலையத்துக்கு 2006-ஆம் ஆண்டுக் கொள்கை அனுமதித்த கதிர்வீச்சுத் திறன் 100 வாட். கம்பத்தின் உயரம் 30 மீட்டருக்கு மேற்படலாகாது. பண்பலை ஒலி நேர்க்கோட்டில் செல்வது. மேடும் மலையும் குறுக்கிட்டால் மங்கும். ஆக, ஏறத்தாழ 10 முதல் 15 கிலோமீட்டர்ச் சுற்றளவே அதன் ஆட்சி எல்லை. பெரம்பலூரில் கம்பம் நட்டால், 30 கிலோமீட்டர்த் தொலைவிலுள்ள அரியலூர் நகருக்கே அது எட்டாது. அதனினும் இருமடங்குத் தொலைவிலுள்ள ஜெயங்கொண்டத்தைப் பற்றிக் கேட்க வேண்டுவதில்லை. மேற்கே பச்சைமலை ஒருபுறம் மறிக்கும். செட்டிகுளத்துச் சின்ன வெங்காயச் சாகுபடியாளருக்கு எட்டும் நிலையம், வாரியங்காவல், இலையூர்ப் பட்டு நெசவாளருக்கு எட்டாது. முந்திரிக்காட்டு ஆண்டிமடத்துக்கு வேறு நிலையம் வேண்டும்.

இதனால் விளைவது யாதெனின், கம்பம் நிற்கும் இடமே அங்கத்தினர் யார் என்பதை வரையறுக்கிறது. நகரத்துக் கல்லூரி மாடியில் இடம் எளிதாகக் கிடைக்கும், மின்சாரமும் காவலும் உண்டு என்று அங்கே நட்டுவிட்டால், 15 கிலோமீட்டருக்குள் நகரத்தாரே மிகுதியாவர். உழவரும் நெசவாளரும் வட்டத்தின் விளிம்பில் நிற்பர். பின்னர் எத்துணை நல்ல குழுவை அமைத்தாலும், அது விளிம்பில் உள்ளவரின் குழு ஆகாது. 'இரு மாவட்டங்களுக்கும் ஒரு பொது நிலையம்' என்று யாரேனும் மேடையில் பேசினால், நம் வாசகர்கள் கிலோமீட்டர்க் கணக்கைக் கேட்பார்களாக.

கேட்போர் மன்றங்கள் கற்பித்தது

ஊரார் கூடி வானொலியோடு உறவாடும் முறை நம் நாட்டுக்குப் புதிதன்று. கனடா நாட்டில் 1941 முதல் உழவர் வானொலி மன்றங்கள் நடந்தன. அண்டை வீட்டார் ஓர் இல்லத்தில் கூடி நிகழ்ச்சியைக் கேட்டு, விவாதித்து, தம் முடிவை நிலையத்துக்கு எழுதி அனுப்புவர். அம்முறையைத் தழுவி, யுனெஸ்கோ நிறுவனத்தின் துணையுடன் அகில இந்திய வானொலி 1956-இல் புனே வட்டாரத்தில் ஒரு சோதனையைத் தொடங்கிற்று. ஐந்து மாவட்டங்களில் 150 சிற்றூர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. ஊருக்கு ஒரு மன்றம்; மன்றத்துக்கு இருபதின்மர் வரையில்; ஒரு தலைவர், ஓர் அமைப்பாளர். வாரம் இருமுறை அரைமணி நேர நிகழ்ச்சி. கேட்ட பின் விவாதம். விவாதத்தின் சாரமும் ஐயங்களும் நிலையத்துக்குச் செல்லும். நிலையம் அடுத்தடுத்த நிகழ்ச்சிகளில் அவற்றுக்கு விடை கூறும். மன்றமுள்ள ஊர்களில் அறிவு வளர்ச்சி நன்கு தெரிந்தது என்று ஆய்ந்தோர் எழுதினர்.

இதனைக் கண்ட அரசினர் 1959 முதல் நாடெங்கும் மன்றங்களை விரிவுபடுத்தினர். எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் உயர்ந்தது; உயிர் குறைந்தது. பெட்டி பழுதுற்றால் செப்பனிடுவாரில்லை. எழுதிய கடிதத்துக்கு விடை வரத் தாமதமாயிற்று. நாளடைவில் கூட்டமும் நின்றது. நம் பதிவேட்டில் கண்ட 'வானொலிப் பெட்டி 1, பழுது' அக்காலத்து எச்சமாகவே இருக்கலாம்.

அம்மன்றங்கள் தளர்ந்ததற்கு மக்களின் சோம்பலைக் காரணம் கூறுவோர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. மன்றத்தாருக்குக் கேட்கும் உரிமை இருந்தது, கருத்துக் கூறும் உரிமை இருந்தது; நிகழ்ச்சியை மாற்றும் அதிகாரமும் பணத்தைச் செலவிடும் அதிகாரமும் இல்லை. அதிகாரமில்லாக் குழு எங்கும் மூன்றாம் ஆண்டில் உறங்கிவிடும். சங்கங்களில் நாம் கண்ட பாடம் இதுவே.

மாச்சனூர்ப் பெண்கள்

அதிகாரமுள்ள குழுவுக்கு நம் நாட்டில் நன்கறிந்த எடுத்துக்காட்டு தெலங்கானாவில் ஜஹீராபாத்தை அடுத்த மாச்சனூர் என்னும் சிற்றூரில் உள்ளது. தக்காண மேம்பாட்டுச் சங்கம் என்னும் தொண்டு நிறுவனம் அவ்வட்டாரத்தில் ஏறத்தாழ 75 ஊர்களில் ஏழைப் பெண்களைச் சங்கங்களாக அமைத்திருந்தது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட வகுப்பினர், மானாவாரி நிலத்தில் சிறுதானியம் பயிரிடுவோர், எழுத்தறியாதார் பலர். யுனெஸ்கோவின் உதவியால் 1998-இல் அங்கே ஓர் ஒலிப்பதிவுக் கூடம் எழுந்தது. ஆனால் உரிமம் கிடைக்கவில்லை.

பத்து ஆண்டுகள் அவர்கள் காத்திருந்தனர். காத்திருந்தனர் என்றால் வாளாவிருந்தனர் என்பது பொருளன்று. விதை, உணவு, மருந்து மூலிகை, பாட்டு, கதை என்று நிகழ்ச்சிகளைப் பதிவு செய்து, ஒலிநாடாக்களைச் சங்கங்களுக்கு எடுத்துச் சென்று கூட்டத்தில் போட்டுக் கேட்டனர்; எது நன்று, எது வேண்டாம் என்று கூறினர். அதாவது, ஒலிபரப்பு வருமுன்பே ஆளுகை வந்துவிட்டது. 2008 அக்டோபர் 15-ஆம் நாள் 90.4 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 'சங்கம் ரேடியோ' ஒலித்தது. அதனைத் தொடங்கி வைத்தவர், காற்றலைகள் பொதுச் சொத்து என்ற தீர்ப்பை எழுதிய நீதிபதிகளுள் ஒருவரான பி. பி. சாவந்த். நிலையத்தின் நாள் வேலையை ஏற்றவர்கள் நரசம்மா என்னும் ஒரே பெயருடைய இரு பெண்கள்.

தொடக்கத்தில் ஒலிபரப்பு நேரம் இரவு 7 மணி முதல் 9 மணி வரையில் என்று அமைந்தது. கூலி வேலைக்குச் சென்ற பெண்கள் வீடு திரும்பி, அடுப்பு மூட்டி, சற்றே அமரும் நேரம் அது. ஒரு நிலையத்தைப் பெண்கள் ஆள்கின்றனரா, அவர் பெயரால் பிறர் ஆள்கின்றனரா என்றறிய வேறெதுவும் பார்க்க வேண்டா. நேரப் பட்டியலைப் பார்த்தால் போதும்.

தமிழ்நாட்டிலும் இத்தகைய முயற்சிகள் உண்டு. 2004 ஆழிப்பேரலையின் பின்னர், நாகை மாவட்டம் விழுந்தமாவடியில் தானம் அறக்கட்டளையினர் களஞ்சியம் சமுதாய வானொலியை நிறுவினர். மகளிர் சேமிப்புக் குழுக்கள் அங்கே முன்னரே வேரூன்றியிருந்தன. பாம்பனில் 2016-இல் மீனவர்க்கென்று 'கடல் ஓசை' தோன்றியது. இவ்விரண்டும் கடற்கரை நிலையங்கள். தறிக்கும் புஞ்சைக்கும் உரிய நிலையம் எப்படியிருக்கும் என்பதை உள்நாட்டாராகிய நாமே எண்ணிப் பார்க்க வேண்டும்.

உடைமை யாருடையது?

இலங்கையில் மகாவலித் திட்டத்தால் இடம்பெயர்ந்த குடிகளுக்கென 1989-இல் கொத்மலைச் சமுதாய வானொலி தோன்றியது. ஊர்த் தொண்டர்கள் பலர் அதில் உழைத்தனர்; இணையம் புதிதாக வந்த காலத்தில், நேயர் கேட்ட ஐயத்துக்கு இணையத்தில் விடை தேடி ஒலிபரப்பில் விளக்கி, உலகோர் கவனத்தையும் பெற்றனர். ஆயினும் நிலையம் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் உடைமை. தொண்டர்க்குக் குரல் இருந்தது. சாவி கூட்டுத்தாபனத்தின் கையில் இருந்தது.

நேபாளத்தில் நேர்மாறான காட்சி. அங்கே ரூபந்தேகி மாவட்டத்தில் 2000-ஆம் ஆண்டளவில் தோன்றிய லும்பினி வானொலியை நடத்துவது ஒரு கூட்டுறவுச் சங்கம். பங்குதாரரே உடைமையாளர், அவர்கள் தேர்ந்தெடுக்கும் இயக்குநர் குழுவே நிலையத்துக்குப் பொறுப்பு. பொலிவியா நாட்டுத் தகரச் சுரங்கத் தொழிலாளர், 1940-களின் இறுதி தொடங்கித் தம் கூலியில் ஒரு பகுதியைத் தந்து தம் சங்க வானொலிகளை நடத்தினர் என்பதும் இங்கே நினைக்கத்தக்கது. பணம் தந்தவன் கேள்வி கேட்பான்; கேள்வி கேட்கப்படும் குழு விழித்திருக்கும்.

நம் நாட்டில் கூட்டுறவுச் சங்கம் நேரே உரிமம் கோரலாமா என்று அங்கத்தினர் கேட்பர். கொள்கை இலாப நோக்குள்ள அமைப்புகளை விலக்குகிறது. பங்காதாயம் பிரிக்கும் சங்கம் விண்ணப்பித்தால் அவ்வினா எழாமலிராது. பதிவு பெற்று மூன்றாண்டு நிறைந்த இலாபநோக்கற்ற அமைப்பு ஒன்றோ, வேளாண் அறிவியல் நிலையமோ உரிமம் பெற்று, சுற்றிலுமுள்ள சங்கங்களின் பிரதிநிதிகள் நிர்வாகக் குழுவில் அமர்வது எளிய வழி. அப்போது உரிமதாரர் ஒருவர், ஆள்வோர் மற்றொருவர் என்றாகும். இவ்விரண்டுக்கும் இடையே எழுத்துமூலமான உடன்பாடு இல்லையேல், முதல் மனத்தாங்கலிலேயே குழு வெளியே நிற்கும். நிலையத்தின் மேலாளரை நியமிக்கவும் நீக்கவும் யாருக்கு உரிமை, வங்கிக் கணக்கில் யார் கையெழுத்து, குழுவின் தீர்மானத்தை உரிமதாரர் எப்போது மறுக்கலாம் என்னும் மூன்றையும் கம்பம் நடுமுன் எழுதிக்கொள்ள வேண்டும்.

குழுவின் வேலை

குழுவினர் ஒலிவாங்கி முன் பேசுவதே தொண்டு என்று நினைப்பவர் உண்டு. பேசுவோர் வேறு, ஆள்வோர் வேறு. இரண்டையும் ஒருவரே செய்தால் தம் நிகழ்ச்சியின் குறையைத் தாமே விசாரிக்க நேரும். மேலும், நாள்தோறும் குரல் கேட்கும் ஒருவர் ஓராண்டில் ஊரறிந்த மனிதராகி, அடுத்த பஞ்சாயத்துத் தேர்தலில் வேட்பாளராவது இயல்பு. அது தவறன்று, ஆனால் அன்றே அவர் குழுவை விட்டு விலக வேண்டும் என்று விதி இருத்தல் நன்று.

குழுவின் உண்மையான வேலை நேரப் பட்டியல், பணம், முறையீடு ஆகியவற்றில் உள்ளது. பட்டியலைப் பற்றி மேலே கூறினோம். நெசவாளருக்கு ஒரு வசதி உண்டு. கையும் காலும் தறியில் இருக்கையில் செவி ஓய்வாகவே இருக்கிறது. பட்டறை போட்ட வெங்காயத்தைக் காய்ந்த தாள் அறுத்துத் தரம் பிரிக்கும் பெண்களுக்கும் அவ்வாறே. இவர்களுக்குப் பகல் நிகழ்ச்சி பயன்படும். காட்டு வேலைக்காரருக்குப் பயன்படாது. யாருக்கு முதலிடம் என்பதைப் பொறியாளரோ அறிவிப்பாளரோ முடிவு செய்ய முடியாது.

பணத்தைப் பற்றிக் கூறுமிடத்து, விளம்பரமே பெருஞ்சிக்கல். 2006-ஆம் ஆண்டுக் கொள்கை மணிக்கு 5 நிமிடம் விளம்பரம் அனுமதித்தது. அது பின்னர் உயர்ந்து, 2024-ஆம் ஆண்டு நெறிமுறையில் 12 நிமிடமாயிற்று. நம் மாவட்டங்களில் விளம்பரம் தரக்கூடியவர் யார்? விதை, பூச்சிமருந்து விற்போர், அரியலூர்ப் பக்கம் சிமெண்டு ஆலைகள், நகைக்கடை, துணிக்கடைகள். 2018-இல் மக்காச்சோளத்தில் படைப்புழு இறங்கியபோது நம் வட்டாரத்து உழவர் பட்ட பாட்டை மறப்பதற்கில்லை. புதிய புழு, பெயரே பலருக்குத் தெரியவில்லை, குருத்துக்குள் புகுந்த பின் எந்த மருந்து, எந்நேரம், எவ்வளவு என்று தெரியாமல் கடைக்காரர் கொடுத்ததை அடித்தனர். அத்தகைய வாரத்தில், காலை 7 மணிக்கு வேளாண் அலுவலர் 'இம்மருந்து வேண்டா' என்று கூற, 7.10-க்கு அதே மருந்தின் விளம்பரம் வந்தால் கேட்பவன் எதை நம்புவான்? சுண்ணாம்புக்கல் சுரங்கத்தின் புழுதி பற்றி ஊரார் பேசும் நிகழ்ச்சியை ஆலை விளம்பரம் வரும் மாதத்தில் ஒத்தி வைக்கலாமா? இக்கேள்விகளுக்குச் சம்பளம் பெறும் மேலாளர் விடை கூறுதல் கடினம். அவர் சம்பளமே அவ்விளம்பரத்தில் இருக்கக்கூடும். ஊதியம் பெறாத குழுவின் தேவை இங்கேதான் விளங்குகிறது. எவ்விளம்பரத்தை ஏற்பது, எதைத் தள்ளுவது என்பதைக் குழு முன்கூட்டியே எழுதி வைத்தல் வேண்டும். விளம்பரதாரர் வாயிலில் நிற்கும்போது எழுதக்கூடாது.

அரசியல் செய்தி ஒலிபரப்ப இந்நிலையங்களுக்கு இசைவில்லை. அகில இந்திய வானொலியின் செய்தியை மாற்றாமல் அப்படியே மறுஒலிபரப்பலாம். வானிலை, குடிநீர், மின்தடை, தேர்வு, இயற்கைச் சீற்றம் முதலிய அறிவிப்புகள் செய்தியாகக் கருதப்படா. இவ்வெல்லையைக் குழுவினர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். எல்லை மீறினால் தண்டனை நிலையத்துக்கே.

முறையீட்டுக்கு ஒரு புத்தகம் வேண்டும். ஒலிபரப்பான எல்லா நிகழ்ச்சிகளையும் மூன்று மாதம் பாதுகாக்க வேண்டும் என்பது விதி. 'நேற்று என் குலத்தை இழிவாகப் பேசினார்கள்' என்று ஒருவர் வந்தால், பதிவை எடுத்து அவர் முன்பே கேட்டு முடிவு கூறலாம். கணக்குக்கு ரசீது எப்படியோ, ஒலிபரப்புக்கு அப்பதிவு அப்படி. நம் சங்கங்களில் ரசீதைத் தேடுவதற்கே பாதி நாள் போகிறது. இங்கே விதியே துணை செய்கிறது.

ஒரே மையில் ஏழு மாதம்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நெசவாளர் சங்கத்தில் கூட்ட நடவடிக்கைப் புத்தகத்தைப் புரட்டினோம். ஏழு மாதத் தீர்மானங்கள் ஒரே மையில், ஒரே கையில், ஒரே நாளில் எழுதப்பட்டிருந்தன. இயக்குநர்கள் வெற்றுப் பக்கங்களில் முன்னரே ஒப்பமிட்டிருந்தனர். கணக்கில் ஒரு ரூபாயும் குறையவில்லை; எல்லாரும் நேர்மையாளரே. ஆனால் அவ்வேழு மாதத்தில் வாங்கிய நூல், அங்கத்தினர் தறிக்கு வேண்டிய நம்பர் அன்று. கூட்டம் உண்மையாக நடந்திருந்தால் யாரேனும் ஒரு நெசவாளி எழுந்து அதைச் சொல்லியிருப்பார். பாவு ஓடாமல் ஒரு மாதம் தறிகள் நின்றன. திருட்டில்லாத நட்டம் இது. இதற்குத் தண்டத் தீர்வை விதிக்க ஆளில்லை.

அவ்வியக்குநர்களுள் ஒருவரைத் தனியே கேட்டோம். "கூட்டத்துக்கு வந்தால் அரை நாள் கூலி போகிறது, பேருந்துக்கும் நானே தரவேண்டும். கையெழுத்துத்தானே என்று போட்டுக் கொடுத்தேன்" என்றார். அவர் கூறியதில் நியாயம் இருந்தது. அன்று முதல் 'ஊதியமில்லாத் தொண்டு' என்ற சொல்லை நாம் சற்று எச்சரிக்கையுடனேயே கையாளுகின்றோம்.

ஊதியமில்லை என்பது வேறு. கைநட்டம் என்பது வேறு. குழுவுக்கு வருபவருக்குப் பேருந்துக் கட்டணமும் உணவும் தரப்படாவிடில், நாளடைவில் இழக்கக்கூடியவர் மட்டுமே குழுவில் எஞ்சுவர்: ஓய்வுபெற்ற அலுவலர், கடை உரிமையாளர், நிலக்கிழார். அவர்கள் நல்லவர்களாகவே இருக்கலாம். எனினும் கூலிப் பெண்ணின் நேரப் பட்டியல் அவர்களுக்குத் தோன்றாது. ஆகவே நிலையத்தின் வரவு செலவுத் திட்டத்தில் குழுக்கூட்டப் படி என்றோர் இனம் முதலிலேயே இருக்க வேண்டும். கூட்டத்தைத் தறி ஓடாத நாளில், நெசவுத் தெருவிலோ களத்துமேட்டிலோ வைக்கலாம். நிலையத்தின் குளிர்ந்த அறையில்தான் கூட வேண்டும் என்பதில்லை. சாதி வேற்றுமை காரணமாக ஒரு தெருவுக்கு மற்றொரு தெருவார் வரத் தயங்கும் ஊர்களில், கூட்டத்தைத் தெருத்தோறும் மாற்றி மாற்றி வைப்பதே பாதி மருந்து.

குழுவின் காலமும் வரையறைக்கு உட்பட வேண்டும். ஆண்டுதோறும் மூன்றில் ஒரு பங்கினர் விலகி, புதியவர் வருதல் நன்று என்பது நமது கருத்து. எல்லாரும் ஒருங்கே மாறினால் அனுபவம் போய்விடும். யாருமே மாறாவிட்டால் நிலையம் போய்விடும். வரவு செலவை ஆண்டுக்கு ஒருமுறை ஒலிபரப்பிலேயே படித்துக் காட்டும் வழக்கத்தையும் பரிந்துரைப்போம். நமது மகாசபைகளில் ஆண்டறிக்கை படிக்கப்படும்போது தேநீர் வந்துவிடுகிறது. வானொலியில் அந்த இடையூறு குறைவு.

பெரம்பலூர்ச் சங்கத்தில் பழைய பெட்டியை நீக்கும் தீர்மானம் நிறைவேறிற்று. இம்முறை இயக்குநர்கள் கூடி, கையெழுத்தையும் அன்றே இட்டனர். கேள்வி கேட்ட பெரியவரைச் சென்ற மாதம் மீண்டும் கண்டோம். மாச்சனூர்க் கதையைக் கூறினோம். நெடுநேரம் கேட்டிருந்துவிட்டு, தம் ஊரிலிருந்து 15 கிலோமீட்டருக்குள் எத்தனைச் சங்கங்கள் இருக்கின்றன, அவற்றில் பெண் இயக்குநர் எத்தனை பேர் என்று கேட்டார். பதிவேட்டைப் பார்த்துச் சொல்வதாகக் கூறி வந்திருக்கின்றோம். பட்டியல் தயாராகி வருகிறது.